பூதத்துக்கு ஆள் எடுத்தார்கள்

ஹெல்சிங்கியிலிருந்து வேனில் வந்து
காகித ஆலை வாசலில் நின்றார்கள், கையில் அளவு நாடா.
நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். நான்தான் உயரம்.
வெய்யோ என்று பெயர் சொன்னேன்.
தோள் அகலத்தை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

கரடியின் உடம்பு, விலாங்கின் வாய்,
முதுகெல்லாம் ரப்பர்க் கொப்புளம்.
உள்ளே நான்.
ஜிப் பின்பக்கம்;
போட்டுவிட ஒருவர் வேண்டும், கழற்றிவிட ஒருவர் வேண்டும்.
மூத்திரம் முட்டினால்
பூதமாகவே நின்று பொறுக்க வேண்டும்.

கதை இவ்வளவுதான்:
கழிவு குடித்த கரடி ஏரிக்கரைக் கூடாரங்களைக் கிழிக்கிறது.
முதலாளி நாலாம் ரீலில் சாகிறான்.
அந்த இடத்தில் நாங்கள் கைதட்டுவோம் என்று
இயக்குநர் ஸ்டூரே நம்பியிருந்தார்.

மாலை ஐந்து வரை உறுமல்.
இரவு பத்துக்கு ஷிப்ட்.
மரக்கூழ் வேகும் கொப்பரைகளுக்குக் கீழே
இரண்டாம் வால்வைத் திறப்பது என் வேலை.
மூன்று மணிக்கு. இடப்பக்கம் மூன்று சுற்று.
பதினாறு வருஷம்.
கறுப்பாக, சுடச்சுட, அழுகிய முட்டைக்கோஸ் வாடையோடு
குழாய்க்குள் இறங்கும்.
எங்கே போகிறது என்று தெரியாது என்றால் பொய்.
பார்த்ததில்லை என்பது உண்மை.
இருட்டில்தான் திறப்போம்.
ஜூனில் இங்கே இருட்டே கிடையாது;
அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

ஒன்பதாம் நாள் மழை. கேமராவுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டார்கள்.
நாணலுக்குள் ஓர் ஆலாக் குஞ்சு.
மேலலகு ஒரு திசை, கீழலகு ஒரு திசை,
மூட மறந்த கத்தரிக்கோல் மாதிரி வாய்.
தாய் மீன் கொண்டுவந்து வைக்கிறது.
நழுவுகிறது.
மறுபடி வைக்கிறது.
காலடியில் ஏழெட்டு மீன் கிடந்தன,
ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை.

பூதத்தின் தலையைக் கழற்றாமல்
ரப்பர் நகங்களில் ஏந்திப் போனேன்.
தாய் என் கொம்பைக் கொத்திக்கொண்டே வந்தது.
ஸ்டூரே குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்தான்,
தொப்பியைக்கூட எடுத்தார்.
"திரையில் எடுபடாது வெய்யோ.
சத்தமே போடவில்லையே."

நவம்பரில், தொழிலாளர் மன்றத்தில் முதல் காட்சி.
ஆலை பாதி டிக்கெட் கொடுத்தது.
மேலாளர் இரண்டாம் வரிசையில், பிள்ளைகளோடு.
முதலாளி செத்தான்.
மேலாளர் முதலில் சிரித்தார்.
பிறகு நாங்களும் சிரித்தோம், வயிறு வலிக்க.
ரவுஹா சிரிக்கவில்லை.
வழியில் பனி மிதித்து வரும்போது சொன்னாள்:
"கரடி ஏரிக்கு இறங்கிற இடம் இருக்கே,
அது நீ ஷிப்டுக்குக் கிளம்புற நடை."

உடையை எனக்கே விட்டுப் போயிருந்தார்கள்.
"வேண்டாமென்றால் ஏரியில் போடு," என்றான் விளக்குக்காரப் பையன்,
"எல்லாம் அங்கேதானே போகிறது."
போடவில்லை.
சவுனா அறைப் பரணில் ஏற்றினேன், சுவரைப் பார்க்க.

ஏப்ரலில் விறகு எடுக்க ஏறினால்
விலாங்கு வாய்க்குள் எலி குட்டி போட்டிருக்கிறது.
ஐந்து. ரோஜா நிறம். கண் திறக்கவில்லை.
ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து
டார்ச் வெளிச்சத்தில் விரல்களை எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தன.
நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
நான்காவது குட்டியில் இருக்கும்போது
ரவுஹா கீழேயிருந்து கூப்பிட்டாள்:
மணி ஒன்பதரை,
பூட்ஸ் ஏன் இன்னும் வாசலிலேயே கிடக்கிறது?